16 வயது மகளுக்கு மூன்று மருத்துவர்கள் மூன்று நோய்ப் பெயர்களைச் சொல்கிறார்கள்: எதை நம்பி மருந்து கொடுப்பது?

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பின் கடைசியில் தொடங்கியது இது. கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பெண் ட்யூஷனுக்குப் போகமாட்டேன் என்றாள். பிறகு தோழிகளின் அழைப்பை எடுப்பதை நிறுத்தினாள். தலைகூட வாராமல் அறைக்குள்ளேயே கிடந்தாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடித்தாளே தவிர, மதிப்பெண் நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்துபோனது. மே மாதத்தில் ஒரு நாள் துணி மடிக்கும்போது அவளுடைய முழங்கைக்கு மேல் கீறல்களைப் பார்த்தேன். அன்று இரவு நான் தூங்கவில்லை.

முதலில் பார்த்த மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி ஃப்ளுவாக்சடின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்றாவது வாரத்தில் அவள் முற்றிலும் வேறு ஆளாக மாறிவிட்டாள். இரவு இரண்டு மணிக்கு மொட்டைமாடியைக் கழுவினாள். பேச்சு அத்தனை வேகம், ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது. அப்பாவின் கைப்பேசியிலிருந்து 14,000 ரூபாய்க்கு வண்ணங்களும் துணிகளும் வரவழைத்தாள். கேட்டதற்கு, தான் பெரிய ஓவியக்கூடம் தொடங்கப்போவதாகச் சொன்னாள். பயந்துபோய் 19ஆம் நாள் நானே மாத்திரையை நிறுத்திவிட்டேன். இரண்டாவது மருத்துவர் பத்து நிமிடம் பேசிவிட்டு, இது ஆளுமைக் கோளாறின் தொடக்கம், மருந்து வேண்டாம், கவுன்சிலிங் போதும் என்றார். மூன்றாவது மருத்துவர் இது இருமுனை மனநோய், அதாவது பைபோலார், என்று சொல்லி, மனநிலையைச் சீராக்கும் வால்புரோயேட் என்ற மாத்திரையை எழுதியிருக்கிறார். மாத்திரையை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. இப்போது அவள் மறுபடியும் அறைக்குள் முடங்கிவிட்டாள்.

என் கணவர் தோட்டமும் காய்கறி மண்டியும் வைத்திருக்கிறார். வயதுக் கோளாறு, கைப்பேசியைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்பது அவருடைய எண்ணம். மாமியார், மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய் 48 நாள் தங்கவைக்க வேண்டும் என்கிறார். எந்த ஸ்கேன் எடுத்தால், எந்த இரத்தப் பரிசோதனை செய்தால் உண்மை தெரியும் என்று யாரேனும் சொல்லுங்கள். பெங்களூருக்கே போய்விடலாமா? ஒரு பெண்பிள்ளைக்குப் பைபோலார் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் அது காலத்துக்கும் கூடவே வருமோ என்ற பயமும் என்னைத் தின்கிறது.

மறுமொழி 1: சேலத்திலிருந்து, ஒரு மகனின் தாய்

சகோதரி, தங்களின் கடைசி வரியைப் படித்தபோது ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்த்தேன். என் மகனுக்கு 17 வயதில் முதல் முறை நோய் வந்தபோது, தன்னைக் கடவுள் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு நான்கு நாள் தூங்காமல் தெருத்தெருவாக நடந்தான். மனச்சிதைவு என்று எழுதினார்கள். அவனுக்கு இருப்பது இருமுனை மனநோய் என்று உறுதியாவதற்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டரை ஆண்டுகளில் பாதிக்கு நானே காரணம் என்பதை இங்கே சொல்லத்தான் எழுதுகிறேன்.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒவ்வொரு மருத்துவரும் கேட்டார். ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன். என் சித்தப்பா ஆறு மாதம் ஊரெல்லாம் கடன் வாங்கி வியாபாரம் தொடங்குவார், அடுத்த ஆறு மாதம் திண்ணையை விட்டு எழமாட்டார். கடைசியில் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். கால் தவறி விழுந்தார் என்றே எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். என் கணவர் பக்கத்தில் வேறு இருந்தார் என்பதால், பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்க என் வாய் வரவில்லை. மூன்றாவது ஆண்டில், கணவர் வராத ஒரு நாளில் சொன்னேன். மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பழைய குறிப்புகளை முதலிலிருந்து மறுபடி படித்துவிட்டு, மகனுடைய ஏற்ற இறக்கங்களை மாதவாரியாகச் சொல்லச் சொன்னார். சிகிச்சையின் திசையே அன்றுதான் மாறியது.

இன்னொரு தவறும் செய்தேன். முதல் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை, நாளைக்கு யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று அடுப்பில் போட்டேன். அடுத்துப் பார்த்த மருத்துவருக்கு எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் கொடுக்கப்பட்டது, எதற்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒன்றுமே தெரியவில்லை. பழைய மருந்தையே மறுபடியும் எழுதினார். தயவுசெய்து ஒரு கோப்பு போடுங்கள். மாத்திரை அட்டையைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள். அந்தக் கோப்பிலேயே அவள் தூங்கிய நேரம், எழுந்த நேரம், சாப்பாடு, மாதவிடாய் நாட்கள், அன்றைய மனநிலை எல்லாவற்றையும் நாளுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். என் மகனுக்கு இப்போது 24 வயது. இருசக்கர வாகன விற்பனைக் கடையில் கணக்குப் பார்க்கிறான். தூக்கம் குறைந்தால் எனக்கு முன்பே அவனே கண்டுகொண்டு மருத்துவரை அழைக்கிறான்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற அரசு மனநல மருத்துவர்

அம்மா, நேரில் பார்க்காத ஒரு பெண்ணுக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர் எவராக இருந்தாலும் தாங்கள் நம்ப வேண்டாம். ஆனால் மூன்று பெயர்கள் எப்படி வந்தன என்பதை விளக்க முடியும்.

முதலில் அவசரமானது. அந்தக் கீறல்களைப் பற்றி அவளிடம் நேராகப் பேசுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய தாங்கல். தங்கள் வீட்டில் தோட்டமும் மண்டியும் இருப்பதால் பூச்சிமருந்து, எலிப் பசை, பெரியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாவற்றையும் இன்றே பூட்டுங்கள், அல்லது வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். அவளுடைய மாத்திரையையும் தாங்களே எடுத்துக்கொடுங்கள். ஆபத்து என்று தோன்றினால் அடுத்த முன்பதிவுக்குக் காத்திராமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரவு எந்நேரமும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனாஸ் எண் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். இருமுனை மனநோயைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இதுவரை கிடையாது. மனச்சோர்வுக்கும் அப்படித்தான். பரிசோதனைகள் செய்வது, மனநோய் போலத் தோற்றம் காட்டும் உடல்நோய்களை விலக்குவதற்காக. தைராய்டு, இரத்தசோகை, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்ப்பது எளிது, செலவும் அதிகமில்லை. திடீரென்று நினைவு தப்புதல், கண் நிலைகுத்தி நிற்றல் இருந்தால் வலிப்பு நோயை எண்ணி, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி எடுப்போம். கை நடுக்கம், பேச்சுக் குழறல், மஞ்சள் காமாலையின் வரலாறு இருந்தால் வில்சன் நோயைத் தேடுவோம். உடலில் செம்பு சேர்ந்துபோகும் நோய் அது, கண்ணின் கருவிழி ஓரத்தில் வளையமாகவும் தெரியலாம். சில நாட்களுக்குள் மனம் தடுமாறி, வலிப்பும் கை கால் வாயின் விசித்திர அசைவுகளும் சேர்ந்துகொண்டால் மூளையழற்சியைச் சந்தேகிக்க வேண்டும்; இளம்பெண்களிடம் இந்த நோய் மனநோயின் வேடத்திலேயே வருவதுண்டு. தாங்கள் எழுதியவற்றில் இவற்றின் அடையாளம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே எடுத்த எடுப்பில் ஸ்கேனுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். நேரில் பரிசோதிப்பவர் தேவை என்று கருதினால் எடுக்கட்டும்.

நோயைக் கண்டறிவது காலவரிசையில்தான் இருக்கிறது. தங்கள் மகளை முதல் மருத்துவர் பார்த்தபோது அவள் தாழ்ந்த நிலையில் இருந்தாள். அன்று அவர் கண்ணில் பட்டது மனச்சோர்வுதான், அதில் தவறில்லை. இருமுனை மனநோய் பலருக்கும் மனச்சோர்வாகவே முதலில் தலைகாட்டுகிறது, எழுச்சி, அதாவது தூக்கமே தேவைப்படாமல் வேகமும் உற்சாகமும் அளவுமீறும் நிலை, வரும்வரை அதை வேறு பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் மாத்திரை தொடங்குவதற்கு முன்பு எப்போதாவது எழுச்சி இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும், முதல் சில வாரங்களில் மறுபடி அழைத்துப் பார்த்திருக்க வேண்டும். இளம் வயதினருக்கு மனச்சோர்வு மாத்திரைகள் தொடங்கும்போது தற்கொலை எண்ணமும் அதற்கான நடத்தையும் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது.

மூன்றாவது வாரத்தில் நடந்தது என்ன? அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. மாத்திரையால் சில பிள்ளைகளுக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் மட்டும் வரும். மருந்தைக் குறைத்தால் அடங்கிவிடும். வேறு சிலருக்கு உள்ளே உறங்கிக்கிடந்த எழுச்சி நிலையை அது தட்டி எழுப்பிவிடும். இரவு இரண்டு மணிக்கு மாடியைக் கழுவிவிட்டுக் காலையில் களைப்பே இல்லாமல் இருந்தாளா, அல்லது தூக்கம் வராமல் தவித்தாளா? முன்னது எழுச்சியின் பக்கம் சாயும். மாத்திரையை நிறுத்திய பிறகு அந்த நிலை எத்தனை நாள் நீடித்தது என்பதும் முக்கியம். ஃப்ளுவாக்சடின் உடலில் பல வாரங்கள் தங்கும் மருந்து என்பதால் அதை மட்டும் வைத்தும் முடிவு கட்ட இயலாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எந்த மாத்திரையும் உள்ளே போகாத காலத்தில் இப்படிப்பட்ட நாட்கள் இருந்தனவா என்பது. ஒரு வாரம் நீடித்தால் முழு எழுச்சி. குறைந்தது நான்கு நாட்கள் என்றால் மிதமான எழுச்சி. நாங்கள் பின்பற்றும் அளவுகோல் அது.

இரண்டாவது மருத்துவர் சொன்ன ஆளுமைக் கோளாற்றில் மனநிலை மணிக்கணக்கில் மாறும். பெரும்பாலும் யாரோ ஒருவரின் சொல்லோ புறக்கணிப்போ அதைத் தூண்டியிருக்கும். இருமுனை மனநோயில் அது நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீளும், தூக்கத்தின் தேவையே மாறும். 18 வயதுக்குக் கீழே ஆளுமைக் கோளாறு என்று சொல்வதற்கு அந்த இயல்புகள் ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அதைச் சொல்லலாகாது என்பது என் கருத்து. மறுபுறம், எரிச்சல்படும் பிள்ளைகளுக்கெல்லாம் பைபோலார் என்று பெயரிட்ட காலமும் உண்டு. அமெரிக்காவில் அது எல்லை மீறிப்போனதால்தான் 2013இல் வந்த அவர்களுடைய மனநோய் வகைப்பாட்டு நூலில், ஓயாத எரிச்சலும் வெடிப்பும் உள்ள குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவே ஏற்படுத்தினார்கள். எனவே மூன்றாவது மருத்துவரையும் அவர் எதை வைத்துச் சொன்னார் என்று தயங்காமல் கேளுங்கள்.

வால்புரோயேட் பற்றியும் கேட்க வேண்டும். கருவுற்ற காலத்தில் உள்ளே போனால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கும் மருந்து அது. இளம்பெண்களுக்குச் சினைப்பைக் கட்டிகளும் மாதவிடாய்க் கோளாறும் வரலாம். ஆகையால் பெண்பிள்ளைகளுக்கு வேறு வழியிருந்தால் அதைத் தவிர்ப்பதே இன்றைய நடைமுறை. லித்தியம் போன்ற மாற்றுகள் உள்ளன. லித்தியத்துக்கு இரத்த அளவையும், சிறுநீரகம், தைராய்டையும் முறையாகப் பார்த்துவர வேண்டும். மாத்திரையைத் தாங்களாகத் தொடங்கவும் வேண்டாம், தொடங்கியபின் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.

இரண்டாவது கருத்துக்குப் பெங்களூர் வரை போவதற்கு முன்பு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் வேலூர் சி.எம்.சி.யும் உள்ளன. அங்கும் தெளியாவிட்டால் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித்துறையே இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு மருத்துவர் என்று மாறிக்கொண்டிருந்தால் ஒவ்வொருவரும் கதையின் ஒரு பக்கத்தை மட்டுமே படிப்பார்கள். ஒருவரிடம் ஓராண்டாவது நில்லுங்கள்.

தங்கள் பயத்துக்கும் ஒரு பதில். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைக்கும் கடமையை மருத்துவர்கள்மீது சுமத்துகிறது; மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தருகிறது. பள்ளிக்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சிகிச்சையில் இருக்கிறாள், விடுப்பும் சற்று அவகாசமும் தேவை என்ற சான்றிதழ் போதும்.

மறுமொழி 3: திருநெல்வேலியிலிருந்து, 23 வயது

அம்மா, உங்கள் மகளின் இடத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். 15 வயதில் என்னையும் மூன்று மருத்துவர்களிடம் அழைத்துப்போனார்கள். மூன்று இடத்திலும் அம்மா பேசினார், அப்பா பேசினார், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பில் அக்கறை இல்லை, ஒரு பக்கத்தை எழுத இரண்டு மணி நேரம் ஆக்குகிறாள், தம்பியிடம் பேசுவதே இல்லை என்று அவர்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். மனச்சோர்வு என்று எழுதினார்கள்.

தம்பியை நான் ஏதாவது செய்துவிடுவேனோ என்ற ஓர் எண்ணம் நாள் முழுவதும் என்னை அறுத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. அவன்மேல் உயிரையே வைத்திருந்தேன். அதனால்தான் அவன் பக்கமே போகவில்லை. ஒரு வரியைப் பதினாறு முறை படித்தால் அந்த எண்ணம் பலிக்காது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதை அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? நான்காவது மருத்துவர் அம்மாவை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, வேண்டாத எண்ணம் ஏதாவது திரும்பத் திரும்ப வருகிறதா என்று கேட்டார். அரை மணி நேரம் அழுதேன். எண்ணச் சுழற்சி நோய் அது, ஓ.சி.டி. என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

அதனால் உங்கள் மகள் மருத்துவரிடம் தனியாகப் பேச நேரம் கேட்டு வாங்கிக்கொடுங்கள். வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள். அவளால் பேச முடியாது என்றால் எழுதிக்கொண்டுபோகச் சொல்லுங்கள். கீறல்களைக் கவனத்தை ஈர்ப்பதற்காகச் செய்தது என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் பார்க்கக்கூடாது என்றுதானே அவள் முழங்கைக்கு மேலே மறைத்திருக்கிறாள். இன்னொன்றையும் தயங்கித்தான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பின் இறுதியில் ட்யூஷன் வேண்டாம் என்றாள் என்கிறீர்கள். அந்த இடத்தில் ஏதேனும் நடந்ததா என்று யாராவது மென்மையாகக் கேட்டார்களா?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற அரசு மனநல மருத்துவர்

இந்தப் பெண் கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அங்கே பாலியல் கொடுமை நடந்திருந்தால் அது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும். தெரியவந்தவர் புகாரளிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. ஒன்றும் இல்லை என்றே அவள் சொன்னாலும், கேட்டது வீண்போகாது.

மறுமொழி 5: முசிறியிலிருந்து

குணசீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாமியாரின் நம்பிக்கையை எதிர்த்துச் சண்டையிட வேண்டாம். அந்தக் கோயிலை ஒட்டியே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஏர்வாடி தர்காவை நம்பி மனநோயாளிகளைத் தங்கவைத்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்தபின், நம் மாநிலம் வெகுவாக யோசித்தது. அதே ஏர்வாடி தர்காவில் பின்னர் அரசே தவா துவா என்ற பெயரில் மருந்தையும் பிரார்த்தனையையும் ஒருசேர வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பெருமாளைச் சேவித்துவிட்டு வாருங்கள், தீர்த்தம் வாங்கிக்கொள்ளுங்கள். 48 நாள் பள்ளியையும் சிகிச்சையையும் விட்டுத் தங்குவது மட்டும் வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி, 12 நாட்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. முதலில் பூட்ட வேண்டியவற்றைப் பூட்டினேன். என் கணவர் தோட்டத்துப் பூச்சிமருந்து முழுவதையும் மண்டிக்கு எடுத்துச் சென்றுவிட்டார். ஏன் என்று அவர் கேட்டபோதுதான் கீறல்களைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அவருக்கு நான் சொல்லவே இல்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தார். கைப்பேசியைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

மகளிடம் கேட்டேன். ட்யூஷனில் தவறாக எதுவும் நடக்கவில்லை, அங்கே உட்கார்ந்தால் பாடம் தலையில் ஏறாமல் எல்லோருக்கும் முன்னால் அழுகை வந்தது என்றாள். சாக வேண்டும் என்று சில நாட்கள் தோன்றியதாகவும், இப்போது அவ்வளவாக இல்லை என்றும் சொன்னாள். அந்த நாட்களில் என்னை எழுப்பச் சொல்லியிருக்கிறேன். அவள் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன்.

பிறகு காலவரிசையை எழுத உட்கார்ந்தேன். இந்த ஆண்டு தை மாதம் என் தங்கையின் பிரசவத்துக்காகப் பழனியில் பத்து நாள் இருந்தேன். அப்போது மகள் தான் வரைந்த கோலங்களையும் ஓவியங்களையும் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவை அனுப்பியதோடு சரி. இப்போது எடுத்துப் பார்த்தால், அனுப்பிய நேரம் 2:40, 3:15, 4:05. ஆறு இரவுகள் தொடர்ச்சியாக அப்படி இருக்கிறது. அறையில் விடிய விடிய விளக்கு எரிந்ததை மாமியாரும் பார்த்திருக்கிறார். பொதுத்தேர்வுக்குப் படிக்கிறாள் என்று எண்ணி, அதிகாலையில் பால் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். அப்போது அவள் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. ஃப்ளுவாக்சடினை நிறுத்திய பிறகும் அந்த வேகம் பதினொரு நாள் இருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

சேலத்துச் சகோதரி சொன்னதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவருடைய மூத்த நாத்தனார் திருமணமான புதிதில் ஓராண்டு பேசாமல் இருந்து, பிறகு ஒரு பங்குனியில் நகைகளையெல்லாம் கோயில் வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். இந்தக் குடும்பத்துக்கு வந்து 18 ஆண்டுகளில் எனக்கு இது தெரியாது.

மூன்றாவது மருத்துவரை அழைத்தோம். வால்புரோயேட்டைத் தொடங்க வேண்டாம், குறிப்புகளுடன் வாருங்கள், மாற்று மருந்தைப் பற்றிப் பேசலாம், அதற்குள் தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள் என்றார். வியாழக்கிழமை போகிறோம், முதல் இருபது நிமிடம் அவளோடு மட்டும் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நேற்று அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, உனக்குத் தோன்றுவதை எழுது என்றேன். இரவு மூன்று தாள் கேட்டு வாங்கினாள். காலையில் உறையில் போட்டு ஒட்டி, மேலே மருத்துவரின் பெயரை எழுதி, என் கோப்புக்குள் வைத்திருக்கிறாள். நான் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.